கோஹுவாங்கோ குடும்பக் கதை ஆடியோ தொடர்: நாலு ஸ்டார், அதுவும் நடு எபிசோடுகளுக்காக

அட்டைப் படத்துல துப்பாக்கி, ரத்தம், ஏர்போர்ட் எல்லாம் போட்டிருக்கறத பாத்து இது ஒரு கொலைக் கதைன்னு நெனச்சு ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டாவது எபிசோட்லயே விட்டுட்டு ஓடிருவீங்க. அதனால மொதல்லயே சொல்லிடுறேன், இது பிலிப்பைன்ஸ்ல கோஹுவாங்கோன்னு ஒரு பெரிய அரசியல் குடும்பத்தோட நெலத்துக் கதை. கடன் பத்திரக் கதை. யாரு யாருகிட்ட என்ன வாங்குனான், எந்த வாய்தாவுக்குள்ள குடுக்கணும், குடுக்கலன்னா என்ன ஆச்சு, அதுதான் முக்கால்வாசி. கணக்கு வழக்குல ருசி இருக்கறவங்க விட மாட்டாங்க, மத்தவங்களுக்கு கொட்டாவி வரும்.

நான் யாங்கோன்ல ஒரு ஹார்ட்வேர் கடையில கணக்கு எழுதுறவன், எனக்கு பிடிச்சதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. சப்ஸ்கிரிப்ஷன் சிங்கப்பூர்ல இருக்கற அக்கா மகன் போட்டுக் குடுத்தது, இங்க இருந்து நாமளே காசு கட்டணும்னா தாவு தீந்துரும். ஆனா ஒண்ணு, கரண்ட் இருக்கற நேரத்துல வைஃபைல டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டா அப்புறம் நெட்டும் வேணாம் விபிஎன்னும் வேணாம், போன்ல சார்ஜ் இருக்கற வரைக்கும் ஓடும், ஒய்பிஎஸ் பஸ்ல ஜன்னல் ஓரமா சீட்டு கெடச்சா வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு எபிசோட் முடிஞ்சுரும். இந்த விஷயத்துல ஆப்புக்கு முழு மார்க்.

கதை எங்க ஆரம்பிக்குதுன்னா, 1861ல சீனாவுல ஃபூஜியன் மாகாணத்துல ஹொங்ஜியன்னு ஒரு கிராமத்துல இருந்து ஒரு ஆளு பிலிப்பைன்ஸுக்கு கப்பல் ஏறி வர்றார். ஞானஸ்நானம் வாங்கி ஹோசே கோஹுவாங்கோ ஆகி கடைசியில தார்லாக் மாகாணத்துல பனிக்கிங்கற ஊர்ல போய் உக்காந்துட்டார். அரிசி வியாபாரம், கூடவே வட்டிக்கு விடறது. இவரோட கொள்ளுப்பேத்திதான் கோரி அக்கினோ, 1986ல ஜனாதிபதியானவங்க. 1988ல சீனாவுக்கு அரசு விருந்தாளியா போனப்ப அந்த கிராமத்துக்கே போய் முன்னோர்களுக்கு வணக்கம் வச்சுட்டு வந்தாங்க. தொடர் இந்த ரெண்டு சீனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆரம்பிக்குது, நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்னணில அந்த சீனப் புல்லாங்குழல் தேவையா? எந்த சீனாக்காரன் வந்தாலும் புல்லாங்குழல் ஊதணும்னு சட்டமா?

ரெண்டாவது எபிசோட் இசித்ராவப் பத்தி. ஹோசேயோட பொண்ணு, கல்யாணம் பண்ணிக்கல. தம்பி மெலேசியோ சின்ன வயசுலயே போயிட்டார், அவரோட நாலு ஆம்பளப் பசங்க, குடும்பத்தோட பொட்டி சாவி முழுக்க இந்த அம்மா கையில. விவசாயிக்கு விதைக்கறதுக்கு கடன், அறுத்தா நெல்லா வாங்கறது, வெள்ளாமை பொய்ச்சா நெலம் ஈடு, ஈடு மீளலன்னா நெலம் சொந்தம். இப்படியே தார்லாக்ல வயல் வயலா சேந்துருக்கு. 1960 வரைக்கும் உயிரோட இருந்தாங்களாம். 1899ல கொல்லப்பட்ட புரட்சி ஜெனரல் அந்தோனியோ லூனா புரட்சிக்காரங்களோட பணத்த இந்த அம்மாகிட்ட குடுத்து வச்சிருந்தார், அதுதான் குடும்பத்தோட முதல் மூலதனம்னு ஒரு வதந்தி அந்த ஊர்ல இன்னைக்கும் உண்டு, குடும்பம் இல்லவே இல்லங்குது. தொடர் இத வதந்தின்னே சொல்லுது, ஆனா சொல்ற குரல்ல இருக்கற ருசிய பாத்தா அவங்களுக்கு அது உண்மையா இருந்தா நல்லா இருக்கும்னு ஒரு ஆசை. என்னைக் கேட்டா லூனா தங்கமே வேணாம். வட்டி போதும்.

இந்த எபிசோட வீட்ல ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு இருந்தேன், பெரியப்பா பக்கத்துல சாய்வு நாற்காலில. அவரோட அப்பா, அதாவது எங்க தாத்தா, பியாபோன் பக்கம் ஒரு செட்டியார் கடையில கணக்குப்பிள்ளையா இருந்தவர். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும், வேகமா பேசுனா நான் நிறுத்தி நிறுத்தி தமிழ்ல சொல்லணும். கொஞ்ச நேரம் கேட்டுட்டு "ஏண்டா, இது நம்ம மொகல் தெரு கதையில்ல?"ன்னார். "ஆமா பெரியப்பா, அதேதான், தெரு மட்டும் வேற"ன்னேன். இங்க உள்ளவங்களுக்கு விளக்க வேணாம், வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன்: மொகல் தெரு ரங்கூன்ல செட்டியார்களோட லேவாதேவிக் கடைங்க இருந்த தெரு. கீழ் பர்மாவுல நெல்லு வெளையற 13 முக்கியமான மாவட்டங்கள்ல 1930ல செட்டியார்கள் கையில இருந்த நெலம் 6 சதவீதம், 1938ல அது 25 சதவீதம். எட்டு வருஷத்துல நாலு மடங்கு. செட்டியார்கள் நெலத்துக்கு ஆசைப்பட்டு வாங்குனது கம்மி, 1930 மந்தத்துல நெல்லு விலை விழுந்துச்சு, கடன் திரும்பல, ஈடு வச்ச வயல் வந்து மடியில விழுந்துச்சு. பணம் மண்ணா மாறிப் போச்சுன்னு தாத்தா சொல்வாராம்.

அங்கதான் ரெண்டு கதையும் பிரியுது. நம்ம ஆளுங்க அந்நியனாவே இருந்தாங்க, 1948ல நெலத்த நாட்டுடைமை ஆக்கற சட்டம் வந்துச்சு, 1963, 64ல கடை பேங்க் எல்லாம் சர்க்கார் எடுத்துக்கிச்சு, மூட்டையக் கட்டிக்கிட்டு கப்பல் ஏறுனாங்க. கோஹுவாங்கோக்கள் அந்த ஊர்க்காரங்களாவே ஆயிட்டாங்க, கத்தோலிக்க சர்ச், ஊர்ல பெரிய குடும்பங்கள்ல பொண்ணெடுத்து பொண்ணு குடுத்து, பாராளுமன்றத்துல சீட்டு. மெலேசியோவோட மகன் இன்னொரு ஹோசே, இவர் செனட்டர் ஹுவான் சுமுலோங்கோட பொண்ணக் கட்டிக்கிட்டார், எம்பி ஆனார், 1938ல குடும்பமா சேந்து பிலிப்பைன் பேங்க் ஆஃப் காமர்ஸ ஆரம்பிச்சாங்க. லேவாதேவி பேங்க் ஆச்சு, பேங்க் அரசியல் ஆச்சு. செட்டியார்கள் ஏன் இப்படிப் பண்ணலன்னு பெரியப்பாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க சண்ட போட்டோம், அது வேற கதை.

ஒரு எச்சரிக்கை. பேரு. தாத்தாவும் ஹோசே, பேரனும் ஹோசே, அந்தப் பேரனுக்கு மகனும் ஹோசே. கோரியோட புருஷன் நினோய் அக்கினோவோட முழுப்பேரு பெனிக்னோ, அவர் அப்பாவும் பெனிக்னோ, மகனும் பெனிக்னோ. ஆடியோவுல குடும்ப மரம் படம் போட முடியாதுதான், ஆனா ஆப்ல ஒரு படமாவது போட்டிருக்கலாம்ல, அட்டைப் படத்துக்கு மட்டும் காசு செலவழிச்சிருக்காங்க. பழைய பில் புக்கு பின்னாடி நானே வரைஞ்சு வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நடு எபிசோடுகள். இதுக்காகத்தான் நாலு ஸ்டார்.

தார்லாக்ல ஹசியெண்டா லுயிசிட்டான்னு ஒரு கரும்புத் தோட்டம். ஸ்பெயின் காலத்துல தபகலேரா கம்பெனியோடது, கம்பெனிய ஆரம்பிச்ச அந்தோனியோ லோபஸோட சம்சாரம் லுயிசா பேர வச்சது. 1950கள்ல அந்தப் பக்கம் ஹுக்னு விவசாயிங்களோட ஆயுதக் கிளர்ச்சி, கூலி ஆளுங்க பிரச்சினை, ஸ்பெயின்காரன் வித்துட்டுப் போயிரலாம்னு பாக்குறான். மகசேசே விருதுன்னு பேப்பர்ல போடுவாங்களே, அந்த மகசேசேதான் அப்ப ஜனாதிபதி. அவருக்கு இது ஏற்கனவே பெரிய சர்க்கரை முதலாளிகளா இருந்த பிலிப்பைன்ஸ் லோபஸ் குடும்பத்துக்கு (இது வேற லோபஸ்) போறது பிடிக்கல. ரெண்டாவது ஹோசே கோஹுவாங்கோவோட மருமகன் நினோய், சின்னப் பையன், 1954 கல்யாணத்துக்கு மகசேசேதான் ஞானத்தகப்பன் மாதிரி நின்னவர். முடிஞ்சது. குடும்பம் வாங்குது. எப்படி வாங்குதுங்கறதுதான் அழகு.

கரும்பாலைய வாங்க டாலர் வேணும், நியூயார்க்ல மேனுஃபேக்சரர்ஸ் ட்ரஸ்ட் கம்பெனில சுமார் 21 லட்சம் டாலர் கடன், அதுக்கு பிலிப்பைன்ஸ் மத்திய பேங்க் தன்னோட டாலர் கையிருப்ப வச்சு ஒத்தாசை பண்ணுது. ஏன் பண்ணணும்? நெலம் ஏழைக்குப் போய்ச் சேரணும்ங்கற கண்டிஷனோட. 6,400 ஹெக்டேருக்கு மேல இருக்கற தோட்டத்த வாங்க அரசு ஊழியர் இன்சூரன்ஸ் ஃபண்டுல இருந்து 59 லட்சம் பெசோ. அந்த ஃபண்டோட 1957 நவம்பர் தீர்மானத்துல, நெலத்த குத்தகைக்காரங்களுக்குப் பிரிச்சு நியாயமான தவணைல குடுக்கணும்னு எழுதியிருக்கு. 1958 பிப்ரவரில அத திருத்துறாங்க. குத்தகைக்காரங்களுக்கு அடக்க விலைக்கு விக்கணும், அப்படி யாராவது இருந்தால்.

இருந்தால்!

அப்புறம் வருஷம் போகுது, பத்து வருஷக் கெடு 1967ல முடியுது, ஏன்யா குடுக்கலன்னா, குத்தகைக்காரங்களா, எங்க தோட்டத்துல அப்படி யாரும் கெடையாதே, எல்லாரும் கூலிக்கு வேலை செய்றவங்கன்னு பதில். தொடர்ல இந்த எடத்துல அந்த ரெண்டு தீர்மானத்தையும் ஒண்ணு பின்னால ஒண்ணா மியூசிக் எதுவும் இல்லாம வாசிக்கிறாங்க. அருமை. நான் நிறுத்தி பெரியப்பாவுக்கு தமிழ்ல சொன்னேன், அவரு கண்ண மூடிக்கிட்டே இருந்துட்டு, "அந்த வார்த்தைய சேத்தான் பாரு, அவன்தாண்டா கணக்குப்பிள்ளை"ன்னார். திரும்பப் போடச் சொல்லி இன்னொரு தடவ கேட்டார். எங்க கடையிலயும் நான் இத நெனச்சுக்கிட்டுதான் இப்ப சப்ளையர் ஒப்பந்தத்த படிக்கிறேன், 'கையிருப்பு இருந்தால்'னு எங்க போட்டிருக்கான்னு தேடுறேன்.

1980ல அப்ப ஜனாதிபதியா இருந்த மார்கோஸோட அரசாங்கம் கேஸ் போடுது. நினோய் மார்கோஸோட பரம எதிரி, 1972ல இருந்து ஜெயில், அந்த வருஷம்தான் இதய ஆப்பரேஷனுக்கு அமெரிக்கா போறார், அதனால இது பழிவாங்கற கேஸ்னு குடும்பம் சொல்லுச்சு, அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா பழிவாங்கற கேஸா இருந்தா கண்டிஷன் பொய்யாயிருமா? 1985 டிசம்பர்ல மணிலா கோர்ட் நெலத்த அரசாங்கத்துக்கு ஒப்படைக்கச் சொல்லி தீர்ப்பு. குடும்பம் அப்பீல். மூணு மாசத்துக்குள்ள மார்கோஸ் ஓடிட்டார், கோரி ஜனாதிபதி. 1988 மே மாசம் கேஸ் தள்ளுபடி, தள்ளுபடி பண்ணச் சொன்னது யாரு, வாதியான அரசாங்கமே. இத சொல்லும்போது குரல் கொடுக்கற அம்மா ஒரு அடைமொழி கூட சேக்கல, தேதிய மட்டும் படிச்சுட்டுப் போறாங்க. சபாஷ்.

இதுக்கு நேர் மாறா அந்த ஏர்போர்ட் எபிசோட். 1983 ஆகஸ்ட் 21, நினோய் ஊருக்குத் திரும்பி வர்றார், மணிலா ஏர்போர்ட்ல விமானத்துல இருந்து எறக்கி கூட்டிட்டுப் போறப்பவே சுட்டுக் கொல்றாங்க. பெரிய விஷயம்தான், யாரும் இல்லங்கல. ஆனா அதுக்கு ரெண்டு முழு எபிசோடு, எஞ்சின் சத்தம், காலடி சத்தம், அழுகை சத்தம், வயலின். நம்ம சீரியல்ல ஒரு அறைய மூணு ஆங்கிள்ல காட்டுவாங்களே அந்த மாதிரி. தள்ளிவிட்டுப் போயிரலாம், கதை எங்கயும் அறுந்து போகாது.

நினோயோட தாத்தா செர்விலியானோ புரட்சி ஜெனரல், நினோயோட அப்பா ஜப்பான்காரன் காலத்து அரசாங்கத்துல சபாநாயகரா இருந்து துரோகின்னு கேஸ் வாங்குனவர், இது ரெண்டையும் அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. ஜப்பான்காரன் காலத்த நாமளும் பாத்தவங்க, யாரு தேசபக்தன் யாரு துரோகிங்கறது எத்தன தடவ மாறுச்சுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்களக் கேட்டா தெரியும், அங்க நின்னு பேசியிருக்கலாம்.

டாண்டிங் எபிசோட் மட்டும் தனியா கேட்டாலும் தப்பில்ல. எடுவர்டோ கோஹுவாங்கோ, கோரிக்கு சொந்த சித்தப்பா மகன். இவர் மார்கோஸோட வலது கை. தென்னை விவசாயிங்ககிட்ட வரின்னு வசூலிச்ச பணத்துல ஒரு பேங்க், சான் மிகெல் பீர் கம்பெனில பெரிய பங்கு, 1986ல மார்கோஸ் ஓடுனப்ப கூடவே ஹவாய்க்குப் போனார், 1989ல திரும்பி வந்து 1992ல ஜனாதிபதி தேர்தல்லயே நின்னார். தோத்தார், ஆனா தோத்த மாதிரி தெரியல. ஒரே தாத்தாவோட பேரப் பிள்ளைங்க, ஒரு கிளை மார்கோஸ் ஜெயில்ல, இன்னொரு கிளை மார்கோஸ் விருந்துல. எவன் ஜெயிச்சாலும் நெலம் குடும்பத்துக்குள்ளதான். 2010 தேர்தல்ல கூட கோரியோட மகன் நொய்நொய் ஒரு பக்கம், டாண்டிங்கோட தங்கச்சி மகன் கில்பெர்ட் டியோடோரோ இன்னொரு பக்கம்.

அடுத்து நான் ரொம்ப எதிர்பாத்து கேட்டது 1988 நிலச் சீர்திருத்தச் சட்டம். 1987 ஜனவரில மணிலாவுல மெந்தியோலா பாலத்துக்கிட்ட நெலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிங்கள சுட்டாங்க, பன்னண்டு பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கு அடுத்த வருஷம் சட்டம் வருது. சட்டத்துல ஒரு கதவு: நெலத்துக்குப் பதிலா கம்பெனி ஷேர் குடுக்கலாம். 1989ல லுயிசிட்டா அந்தக் கதவு வழியாப் போச்சு. எப்படின்னு தொடர் நல்லா விளக்குது. சுமார் 4,900 ஹெக்டேர் விவசாய நெலத்த ஹெக்டேர் 40,000 பெசோன்னு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 19.7 கோடி. கம்பெனியோட மொத்த சொத்து 59 கோடி, மிச்ச சொத்துக்கெல்லாம் விலைய தாராளமா போட்டுக்கிட்டாங்க. ஆக தொழிலாளிக்கு 33.296 சதவீதம். மூணுல ஒண்ணு. மூணுல ரெண்டு பங்கு முதலாளிகிட்ட, அப்ப போர்டுல முடிவு எடுக்கறது யாரு? அந்த ஷேரும் ஒரேயடியா கைக்கு வராது, 30 வருஷத்துல, வருஷா வருஷம் நீ எத்தன நாள் வேலை செஞ்சியோ அந்தக் கணக்குப்படி. வேலை நாள குறைச்சா ஷேரும் கம்மி. வேலை நாள முடிவு பண்றது கம்பெனி. நான் இத்தன வருஷம் பேரேடு எழுதுறவன், இப்படி ஒரு கணக்க பாத்ததில்ல, கைய எடுத்துக் கும்பிடலாம்.

2004ல வேலை நாள் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆகி, பிடித்தம் எல்லாம் போக கைக்கு ஒரு நாளைக்கு 9.50 பெசோதான் வருதுன்னு தொழிலாளிங்க சொன்னாங்க. 327 பேர வேலைய விட்டுத் தூக்குனாங்க, அதுல யூனியன் தலைவருங்களும் அடக்கம், ஸ்ட்ரைக். நவம்பர் 16, கரும்பாலை கேட்ல போலீஸும் ராணுவமும் சுட்டதுல ஏழு பேர் செத்தாங்க. இதுக்கு தொடர் குடுத்த நேரம் என்ன தெரியுமா, ஒரு எபிசோட்ல கடைசி கொஞ்ச நிமிஷம். ஏர்போர்ட்டுக்கு ரெண்டு எபிசோடு, கேட்டுக்கு கொஞ்ச நிமிஷம். ஒரு தொழிலாளி குரல் கூட இல்ல. பேட்டி எடுக்கறதுக்கு ஆளா இல்ல தார்லாக்ல? முழுத் தொடர்லயும் பேசறவங்க பேராசிரியருங்க, பத்திரிகைக்காரங்க, பழைய மந்திரிங்க. எனக்கு கோவம் வந்தது இங்கதான், அஞ்சாவது ஸ்டார் போனதும் இங்கதான்.

முடிவும் அவசரம். 2011 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் நெலத்த 6,296 பேருக்கு பிரிச்சுக் குடுக்கச் சொல்லி 14க்கு 0ன்னு தீர்ப்பு, அப்ப ஜனாதிபதி நொய்நொய். அடுத்த மாசமே தலைமை நீதிபதி மேல பதவி நீக்கத் தீர்மானம், ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு தொடர் ரெண்டு பக்கத்தையும் பேச விடுது, அது சரிதான். 2012ல குடும்பத்துக்கு நஷ்ட ஈடு 1989 விலைக்குன்னு கோர்ட் உறுதி பண்ணுது, 2013ல குலுக்கல் போட்டு ஆளுக்கு 6,600 சதுர மீட்டர். பெட்டிய சுத்தி நம்பர் எடுக்கறது வரைக்கும் வந்துட்டு சட்டுன்னு நிறுத்திட்டாங்க. கெடச்ச நெலத்த அந்த ஜனங்க உழுதாங்களா, கரும்பு போட கையில முதல் இருந்துச்சா, திரும்பவும் யாருகிட்டயாவது குத்தகைக்கு விட்டாங்களா, எதுவும் இல்ல. பத்திரம் வந்தா மட்டும் வயல் வந்துருமா? நம்ம ஐராவதி டெல்டாக்காரங்களக் கேளுங்க.

வாங்கலாமா? தனியா இதுக்குன்னு சப்ஸ்கிரிப்ஷன் போடாதீங்க, யாராவது குடும்ப பிளான் வச்சிருந்தா ஒட்டிக்கோங்க. ரெண்டாவது எபிசோட கேளுங்க, அப்புறம் நேரா 1957க்குப் போங்க, டாண்டிங்க விட்றாதீங்க. குரல் கொடுத்த அம்மாவோட இங்கிலீஷ் தெளிவா இருக்கு, 0.8 வேகத்துல வச்சா பெரியவங்களுக்கும் புரியும். ஒரே தொல்லை, டவுன்லோட் பண்ணினது முப்பது நாள்ல தானா அழிஞ்சுரும், திரும்ப எறக்கணும். பெரியப்பா அந்தத் தீர்மானம் வர்ற எபிசோட மறுபடி கேக்கறப்ப அது அழிஞ்சு போயி கரண்டும் இல்லாம அவரு என்னைத் திட்டுனாரு, ஆப்ப திட்ட வேண்டியது.